சுங்கை சிப்புட் கடையில் ஒரு மார்க் 11

தோட்டத்து மக்கள் பல காலமாகக் கடிகாரம் பழுதுபார்க்கக் கொடுக்கும் மலேசியாவின் சுங்கை சிப்புட் நகரக் கடையொன்றில், ஐ.டபிள்யூ.சி. என்ற சுவிஸ் கடிகார நிறுவனத்தின் மார்க் 11 விமானிக் கைக்கடிகாரத்தை அண்மையில் கையிலெடுத்துப் பார்த்தேன். 1940களின் இறுதியில் பிரிட்டிஷ் அரச விமானப் படைக்காக உருவான இக்கடிகாரத்தின் தனிச்சிறப்பு, அதன் உள்ளே இருக்கும் மென்னிரும்பு உறைதான். விமானி அறையின் கருவிகளிலிருந்து எழும் காந்தப்புலம் இயக்கப் பொறியை அணுகாதபடி, முகப்பும் அந்த உள்ளுறையும் சேர்ந்து அதைச் சூழ்ந்து காக்கின்றன. சாவி கொடுக்கும் திருகுமுனையை வெளியே இழுத்தால் நொடிமுள் நின்றுவிடும். விமானத்தின் வழியைக் கணிக்கும் வழிகாட்டி அலுவலர்கள் வானொலி நேரக்குறிப்போடு நொடி பிசகாமல் பொருத்திக்கொள்ள இது உதவியது. கறுப்பு முகப்பில் வெள்ளை எண்கள் ஒரே பார்வையில் தெளிவாகத் தெரிகின்றன.

36 மில்லிமீட்டர் அகலம் இன்றைய இளைஞருக்குச் சிறிதாகப்படலாம். எனக்கு அதுவே அழகு.

கடைக்காரப் பெரியவர் பொறியைச் சுத்தம் செய்து எண்ணெயிட்டிருந்த நேர்த்தி பாராட்டத்தக்கது; முகப்புக்கு மறுபூச்சு அடிக்காமல் விட்டதற்காக அவருக்கு நன்றி சொல்ல வேண்டும், ஏனெனில் மூலப்பூச்சு போனால் மதிப்பும் போய்விடும். தொடக்ககால முகப்புகளில் ஒளிர்வதற்குக் கதிரியக்கமுள்ள ரேடியம் பூசப்பட்டதால், வாங்குவோர் வீட்டில் திறந்து பார்க்கக் கூடாது. பின்மூடியில் பிரிட்டிஷ் அரசு உடைமையைக் காட்டும் அம்புக்குறியும் 6பி/346 என்ற படைக் கிடங்கு எண்ணும் பொறிக்கப்பட்டுள்ளனவா என்று பார்த்த பிறகே விலை பேசுங்கள்.