64 த்ரெட், ஒரு மின்விசிறிக் கூச்சல்: ஸ்பார்க் சர்வரில் ஓபன்பிஎஸ்டி

செகண்ட் ஹேண்டில் சன் டி5120 சர்வர் ஒன்று வாங்கி நாலு வருடம் ஆகிறது. உள்ளே 2007-இல் வந்த அல்ட்ராஸ்பார்க் டி2 சிப், இன்டெல் வகையிலிருந்து வேறுபட்ட ஸ்பார்க் குடும்பத்தைச் சேர்ந்தது. எட்டு கோர், கோருக்கு எட்டு த்ரெட் (ஒரே கோர் பகிர்ந்து ஓட்டும் தனித்தனி வேலை வரிசை). ஆக, ஓஎஸ் கண்ணுக்கு 64 சிபியு. டெபியன் லினக்ஸில் ஸ்பார்க் இப்போது அதிகாரப்பூர்வப் பட்டியலில் இல்லை, அதற்கு வெளியே தனிப் பதிப்பாகத்தான் இருக்கிறது. அதனால் ஓபன்பிஎஸ்டி என்ற யூனிக்ஸ் வகை ஓஎஸ் போட்டேன். சீரியல் கேபிளை மாட்டி, 'ஓகே' என்று நிற்கும் ப்ராம்ப்ட்டில் 'பூட் சிடிராம்' அடித்தால் போதும், மற்றதெல்லாம் சாதா பிசி மாதிரிதான்.

வேகம்? 64 சிபியு என்று மயங்க வேண்டாம். தனியாக எடுத்தால் ஒவ்வொரு த்ரெட்டும் ஆமை. பெரிய கம்பைலையும் 64-ஆகப் பிரித்து விட்டால் கர்னல் பூட்டுக்காகவே (ஓஎஸ்ஸின் மையப்பகுதிக்குள் ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் விடும் பூட்டு) பாதி த்ரெட் காத்து நிற்கிறது. ஒரு சர்வரைப் பல தனிக் கணினிகளாகப் பிரிக்கும் எல்டாம் வசதி வழியாகப் பெட்டியைத் துண்டு போட்டு, ஒவ்வொன்றுக்கும் எட்டு த்ரெட் கொடுத்த பிறகுதான் உருப்படியாக ஓடியது. கோ மொழியின் வழக்கமான கம்பைலர் இதற்கு இல்லை, ஆகவே அதில் எழுதிய கருவிகளை மறந்துவிட வேண்டியதுதான்.

அப்புறம் ஏன் வைத்திருக்கிறேன்? என் சி புரோகிராம் ஒன்று லேப்டாப்பில் பல வருடம் சமர்த்தாக ஓடியது. இங்கே ஓடவிட்ட உடனே 'பஸ் எரர்'. பஃபரின் தொடக்கத்திலிருந்து ஐந்து பைட் தள்ளி இருந்த 32 பிட் எண்ணை, பாயிண்டரை மாற்றி நேராகப் படித்திருந்தேன். 32 பிட் எண்ணின் முகவரி நான்கால் வகுபட வேண்டும் என்பது ஸ்பார்க்கின் கண்டிப்பு. இன்டெல் கண்டுகொள்ளாமல் விட்டதை ஸ்பார்க் விடவில்லை. பைட்களை அப்படியே நகலெடுக்கும் மெம்காப்பி போட்டுச் சரிசெய்தால் அடுத்த கூத்து: 1 என்று வர வேண்டிய இடத்தில் 16777216. லேப்டாப்பில் எழுதிய ஃபைலில் பைட் வரிசை தலைகீழ், ஸ்பார்க் பிக் எண்டியன், அதாவது எண்ணின் பெரிய மதிப்புள்ள பைட்டை முதலில் வைக்கும். இரண்டுமே என் தப்பு. இந்தப் பெட்டி இல்லாவிட்டால் கண்ணில் பட்டிருக்காது.

கரண்ட் விஷயம்தான் உறுத்தல். சும்மா இருக்கும்போதே 200 வாட்டுக்குக் குறையவில்லை. இரவு பகலாக விட்டால் மாதம் 144 யூனிட்! இப்போது சனிக்கிழமை மட்டும் ஆன் செய்கிறேன். அந்த விசிறிச் சத்தத்துக்கு வீட்டில் அதற்கு மேல் அனுமதியும் இல்லை.

வாங்குகிறவர்கள் சர்வீஸ் பிராசசர் (சர்வரை ஆன், ஆஃப் செய்து நிர்வகிக்கும் உள் குட்டிக் கணினி) பாஸ்வேர்டை விற்பவரிடம் முதலிலேயே கேட்டு வாங்கிவிடுங்கள். எனக்கு விற்றவர் பழைய பாஸ்வேர்டோடு அப்படியே அனுப்பிவிட்டார். உள்ளே நுழையவே ஒரு வாரம் ஆனது.