சித்தியின் காலண்டரில் உப்பு

இணையதளம் நடத்த உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளில் ஓடும் என் தளத்தின் ரகசியச் சாவிகளைத் தானாக மாற்றும் பிளகின் (கூடுதலாகச் சேர்க்கும் சிறு நிரல்) ஒன்றை நான் 2 வருடமாக வைத்திருப்பது கொடைக்கானலில் விடுதி நடத்தும் நண்பருக்குத் தெரியும். "நானும் போடட்டுமா?" என்று போன வாரம் கேட்டார். ஒரு வார்த்தையில் சொல்லியிருக்கலாம். ஆனால் பதில் சொல்வதற்கு முன் அதன் அமைப்புப் பக்கத்தை ஒரு தடவை திறந்து பார்த்தேன். அங்கே இருந்ததைப் பார்த்த பிறகு ஒரு வார்த்தை போதவில்லை.

குன்னூரில் எங்களுடையது சிறு வியாபாரம். தேயிலைத்தூள், நீலகிரித் தைலம், கொஞ்சம் தேன். ஆர்டர்களைப் பார்த்துப் பொட்டலம் கட்டுவது கோத்தகிரி பக்கம் இருக்கும் சித்தி. தளத்தைப் பார்த்துக்கொள்வது நான்.

இந்தச் சாவிகள் டபிள்யூபி-கான்ஃபிக் என்ற கோப்பில் இருப்பவை. 4 சாவி, 4 'சால்ட்', ஒவ்வொன்றும் 64 எழுத்துக் குப்பை. உள்நுழைந்தவரின் பிரவுசரில் அடையாளத்துக்காகத் தளம் வைக்கும் சீட்டான குக்கீ அசல்தானா என்று இவற்றை வைத்துத்தான் சரிபார்க்கப்படுகிறது. சாவியை மாற்றினால் பழைய குக்கீ எதுவும் செல்லாது. எல்லோரும் ஒரே நொடியில் வெளியே. கடவுச்சொல் மாறாது. இதைச் சித்திக்குப் புரியவைக்க எனக்கு ஒரு வருடம் ஆயிற்று. சால்ட் என்றால் உப்பு என்று நான் விளையாட்டாகச் சொல்லிவைக்க, அன்றிலிருந்து வீட்டில் இதற்கு உப்பு மாற்றுவது என்றே பெயர்.

கையால் மாற்றுவதும் கடினமில்லை. வேர்ட்பிரஸின் இணைய முகவரி ஒன்று கேட்ட மாத்திரத்தில் 8 புதிய வரிகளைத் தரும். நகலெடுத்து ஒட்டினால் முடிந்தது. பிளகின் அதையே கெடு வைத்துச் செய்கிறது. நான் வாரம் ஒரு முறை, ஞாயிறு இரவு 2 மணி என்று வைத்தேன். அங்கேதான் வினை.

திங்கட்கிழமை காலை ஆறரைக்குச் சித்தி கூப்பிடுவார். "ஏம்ப்பா, மறுபடியும் என்னை வெளியே தள்ளிவிட்டதே!" தள்ளினால் மறுபடி நுழைய வேண்டியதுதானே என்பீர்கள். எங்கள் தளத்தில் கடவுச்சொல்லுக்குப் பிறகு செல்பேசிக்கு ஓர் எண் வரும். சித்தி வீட்டில் கம்பி வழி இணையம் உண்டு, செல்பேசிச் சிக்னல் கிடையாது. சிக்னல் வேண்டுமானால் 40 படி ஏறி, சாலைத் திருப்பத்தில் இருக்கும் சில்வர் ஓக் மரத்தடிக்குப் போக வேண்டும். மழைக்காலத்தில் ஸ்வெட்டருக்கு மேல் சால்வையும் குடையுமாக அவர் அங்கே நின்று எண்ணை வாங்கிக்கொண்டு இறங்கி வருவதற்குள் அது காலாவதியாகியிருக்கும். திரும்ப ஏறுவார். அதற்குப் பிறகு வரும் போனில் அவர் பேசுவதை இங்கே எழுத முடியாது.

இரவு 2 மணிக்கு மாற வேண்டியது சித்தி வேலை செய்துகொண்டிருக்கும்போது ஏன் மாறியது? வேர்ட்பிரஸின் கடிகாரம் சொந்தமாக ஓடாது. யாராவது தளத்துக்கு வந்தால்தான் நேரமாகிவிட்டதா என்று பார்க்கும். முன்பே சேமித்த நகலைக் கேஷ் எடுத்து நீட்டும் பக்கங்களுக்கு அந்த வேலையும் இல்லை. ஆக, ராத்திரி முழுவதும் தூங்கிவிட்டு, காலையில் சித்தி ஆர்டர் பக்கத்தைத் திறந்ததும்தான் அது கண் விழிக்கும். பக்கம் திறக்கும், முதல் ஆர்டரைத் தொட்டால் வாசலில் நிற்பார். மணியை அடித்ததும் அவரே, விரட்டப்பட்டதும் அவரே. தளம் குடியிருக்கும் கணினியான சர்வரின் சொந்தக் கடிகாரத்தில் வேலையை ஒப்படைத்ததும் அது சரியாயிற்று. அதன் பிறகு அவர் காலையில் திறக்கும்போதே வெளியில் இருப்பார். படி ஏறுவது மட்டும் குறையவில்லை.

குறையாகவே சொல்லிக்கொண்டு போனால் பாவம். எங்களிடம் வேலை பார்க்கும் பையன் மேட்டுப்பாளையம் போகும் பஸ்ஸில் செல்பேசியை விட்டுவிட்டான். பர்லியாரில் டீ குடிக்க இறங்கியபோதா, அதற்கு முன்பா என்று அவனுக்கே தெரியவில்லை. அதில் எங்கள் தளம் திறந்தபடியே இருந்தது; திரைக்குப் பூட்டும் இல்லை. வாடிக்கையாளர்களின் முகவரி அத்தனையும் அதற்குள். 'இப்போதே மாற்று' பொத்தானை ஒரு தடவை அழுத்தினேன். அந்தச் செல்பேசி உட்பட எல்லாமே வெளியே. அவன் கடவுச்சொல்லையும் மாற்றிவிட்டுத் தூங்கப் போனேன். ஒருவரை மட்டும் எல்லா இடத்திலிருந்தும் வெளியேற்ற வேர்ட்பிரஸிலேயே பயனர் பக்கத்தில் வசதி உண்டு. அன்றைய பதற்றத்தில் அது எனக்கு நினைவுக்கே வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இப்போது நண்பரின் கேள்விக்காக நான் திறந்த அமைப்புப் பக்கம். கோப்பில் எழுத அனுமதி இல்லை என்று ஓர் அறிவிப்பு நின்றது. 3 மாதத்துக்கு முன் தளத்தை வேறு சர்வருக்கு மாற்றினோம். அங்கிருந்தவர்கள் நல்லெண்ணத்தில் கான்ஃபிக் கோப்பின் அனுமதியை 440, அதாவது படிக்கலாம், எழுத முடியாது என்று ஆக்கிப் பூட்டியிருக்கிறார்கள். பாதுகாப்புக்கு அதுதான் நல்லது என்று எல்லோருமே சொல்வார்கள். பூட்ட வேண்டிய கோப்பைத் திறந்து வைத்தால்தான் இந்தப் பாதுகாப்பு பிளகின் வேலை செய்யும்! அன்றிலிருந்து சாவி ஒரு முறைகூட மாறவில்லை. பிளகின் எனக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருக்கக் கூடாதா? நான் எட்டிப் பார்க்காத பக்கத்தில் எழுதி வைத்துவிட்டுச் சும்மா இருந்திருக்கிறது.

3 மாதமாகத் திங்கட்கிழமை போன் வரவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. சித்தி பழகிவிட்டார் என்று நான் நினைத்திருந்தேன். நான் அவர் பேச்சைக் கேட்டு நிறுத்திவிட்டேன் என்று அவர் நினைத்து, தீபாவளிக்கு எனக்கு ஒரு டப்பா முறுக்கு அதிகமாகவே அனுப்பியிருந்தார்.

நண்பருக்குச் சொன்னது: போடாதீர்கள். உங்கள் விடுதித் தளத்தில் நீங்கள் ஒருவர்தான் நுழைகிறீர்கள். ஆள் விலகும்போதோ ஏதாவது தொலையும்போதோ கையால் மாற்றிக்கொள்ளுங்கள், கோப்பைப் பூட்டியே வையுங்கள். கோப்புகளுக்குள்ளேயே புகுந்துவிட்டவன் புதுச் சாவியையும் படித்துக்கொள்வான். வாரா வாரம் மாற்றி அவனை ஒன்றும் செய்ய முடியாது.

நானோ அனுமதியை 600, அதாவது கோப்பின் உரிமையாளர் மட்டும் படிக்கவும் எழுதவும் முடியும் என்று ஆக்கி மறுபடி ஓட விட்டிருக்கிறேன். அந்தப் பஸ் ராத்திரியை என்னால் மறக்க முடியவில்லை, வேறு காரணம் கிடையாது. வாரம் என்பதை மாதம் என்று மாற்றியதுதான் நான் இறங்கி வந்த தூரம். சித்தியிடம் முறுக்கைத் திருப்பித் தரட்டுமா என்று கேட்டேன்; பதில் பேசாமல் போனை வைத்துவிட்டார். போன ஞாயிறு போனபோது பார்த்தேன், சமையலறைச் சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரில் அடுத்த மாதத்து முதல் தாளைத் தேடிப் பிடித்து, பென்சிலால் "உப்பு" என்று எழுதி வைத்திருக்கிறார். கீழே இன்னொரு வரி: "குடை".