சான் பிரான்சிஸ்கோவில் இரண்டு இரவு: ஃபிஷர்மன்ஸ் வார்ஃபா, யூனியன் ஸ்கொயரா?

கணவன் மனைவி இருவராகப் போய் இரண்டு இரவு மட்டும் தங்குகிறவர்கள் குழம்புவது பெரும்பாலும் கடலோரத்து ஃபிஷர்மன்ஸ் வார்ஃபுக்கும் நகர மையத்து யூனியன் ஸ்கொயருக்கும் நடுவில்தான்.

வந்து சேர:
ஸ்கொயர் – விமான நிலையத்திலிருந்து பார்ட் ரயிலில் சுமார் அரை மணி. பவல் ஸ்ட்ரீட்டில் இறங்கி நடக்கலாம்.
வார்ஃப் – பார்ட் ரயில் அங்கே போகாது. பெட்டியோடு கேபிள் காரில் (தெருவில் ஓடும் பழைய டிராம்) ஏற நினைக்காதீர்கள், டாக்சியே மேல்.

சுற்றிப் பார்க்க:
வார்ஃப் – இங்கேதான் அது ஜெயிக்கிறது. பியர் 39 படகுத்துறையில் கடற்சிங்கங்கள் இலவசமாகக் கத்தும். 1963-இல் மூடிய அல்காட்ராஸ் தீவுச் சிறைக்குப் படகு பியர் 33-இலிருந்து, நடந்தே போகலாம். டிக்கெட்டை முன்பே வாங்கிவிடுங்கள். வாடகை சைக்கிளில் கரையோரமாகவே கோல்டன் கேட் பாலம் வரை போகலாம்.
ஸ்கொயர் – சைனாடவுன் பக்கம். மற்றதெல்லாம் கடைகள்.

சாப்பாடு:
வார்ஃப் – நண்டும் சுற்றுலா விலையும்.
ஸ்கொயர் – சைவத்துக்கு இதுவே வசதி.

இரவு:
வார்ஃப் – சீக்கிரம் அடங்கிவிடும். ஜூலையிலும் ஸ்வெட்டர் வேண்டும்.
ஸ்கொயர் – மேற்கே டெண்டர்லாயின் தெருக்களில் இருட்டிய பிறகு நடக்க வேண்டாம்.

முதல் முறை போகிறவர்கள், கடல்தான் முக்கியம் என்பவர்கள் வார்ஃபில் தங்கலாம். கார் இல்லாமல் நகரம் முழுக்கச் சுற்றவும் விமானம் பிடிக்கவும் ஸ்கொயர்தான் சரி. கார் எடுத்தால் இரண்டு இடத்திலும் பார்க்கிங் கட்டணம் பையைக் காலி செய்யும்.