ஃபைஃபாக்ஸ்: பாட்டும் இயற்பியலும் சேர்ந்து படிப்பவர்களுக்கான செயலி

தர்மபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ பகலில் பி.எஸ்சி. இயற்பியல், மாலையில் பாட்டு அல்லது மிருதங்கம் என்று இரண்டையும் விடாமல் படிக்கும் மாணவர்களுக்கு கைபேசியையே அளவுக் கருவியாக்கும் ஃபைஃபாக்ஸ் செயலியைத் தயங்காமல் சொல்லலாம். ஜெர்மனியின் ஆஹன் பல்கலைக்கழகத்தில் உருவானது. காசு கிடையாது, விளம்பரம் கிடையாது, இறக்கியபின் இணையமும் தேவையில்லை.

சுருதி பார்க்க ‘ஆடியோ ஆட்டோகோரிலேஷன்’. மின்விசிறியை நிறுத்திவிட்டு, கைபேசியை ஒரு முழம் தள்ளி வைத்து ஸ்வரத்தை அசைவில்லாமல் பிடித்தால் அதிர்வெண் வந்துவிடும். சிக்கல் அது காட்டும் ஸ்வரப் பெயரில்தான். ஒரு கட்டை சட்ஜம் 261.6 ஹெர்ட்ஸ் என்றால், தம்புராவோடு இழையும் அந்தர காந்தாரம் 327. செயலியோ ‘ஈ, 14 சென்ட் குறைவு’ என்கிறது (ஈ என்பது மேற்கத்திய E ஸ்வரம்; சென்ட் என்பது கீபோர்டில் அடுத்தடுத்த இரு கட்டைகளின் இடைவெளியில் நூறில் ஒரு பங்கு). பதறிப்போய்க் குரலை ஏற்றாதீர்கள். அது ஸ்தாயியைப் பன்னிரண்டு சம இடைவெளியாகப் பிரிக்கும் கீபோர்டின் சமப் பங்கீட்டோடு ஒப்பிட்டுச் சொல்வது. ஹெர்ட்ஸை மட்டும் குறித்துக்கொண்டு சட்ஜத்தால் வகுத்துப் பாருங்கள்: காந்தாரத்துக்கு 1.25, பஞ்சமத்துக்கு 1.5 வரவேண்டும்.

மிருதங்கத்துக்கு இது உதவாது. அடி சட்டென்று தேய்ந்துவிடும். ‘ஆடியோ ஸ்பெக்ட்ரம்’ போங்கள். வினாடிக்கு 48,000 ஒலி மாதிரிகள் (samples) என்ற வேகத்தில் 2048 மாதிரிகள் எடுத்தால் கோட்டுக்குக் கோடு 23 ஹெர்ட்ஸ் இடைவெளி, மிகவும் முரடு. 16384 ஆக்கினால் 3 ஹெர்ட்ஸுக்கு இறங்கும். ஆனால் ஒரு பதிவு 0.34 வினாடியை விழுங்கும். எனவே அடித்ததும் பதிவை நிறுத்துங்கள். வெறும் தோலில் அடிப்படைச் சுரமும் அதோடு சேர்ந்து ஒலிக்கும் மேல்சுரங்களும் கணக்குப்படி 1, 1.59, 2.14 என்று ஒட்டாமல் நிற்கும். மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலையில் சாதம் என்ற கரும் பசையை ஏற்றியதும் அவை 1, 2, 3 என்ற வரிசைக்கு நெருங்குகின்றன. சி.வி. ராமன் 1920-இல் எழுதியது இதைத்தான். பறையையும் மிருதங்கத்தையும் அடுத்தடுத்து அளந்தால் பாடப்புத்தகம் தராத தெளிவு கிடைக்கும்.

விடிய விடிய நடக்கும் கூத்தும் நல்ல ஆய்வுப் பொருள். காற்று 32 டிகிரியிலிருந்து 24-க்கு இறங்கினால் ஒலியின் வேகம் 351-லிருந்து 346 மீட்டராகும். முகவீணை என்ற ஊதுகருவியின் சுருதி கணக்குப்படி 24 சென்ட் வரை இறங்கலாம். ஊதுபவரின் மூச்சுச் சூடு அதில் கொஞ்சத்தை ஈடுகட்டும். ஹார்மோனியத்தின் நாக்குகள் பெரிதாக மாறுவதில்லை. மணிக்கொருமுறை இரண்டையும் பதிந்தால் விலகல் எண்ணாகவே தெரியும்.

ஒலியின் வேகத்தையே அளக்க ‘அகௌஸ்டிக் ஸ்டாப்வாட்ச்’: இரண்டு கைபேசிகள், நடுவில் 5 மீட்டர். முதலில் ஒன்றின் அருகே கைதட்டு, பிறகு மற்றதன் அருகே. இரு கைபேசிகள் காட்டும் நேரங்களின் வித்தியாசத்தால் 10 மீட்டரை (5-இன் இருமடங்கு) வகுக்கவும். அந்த வித்தியாசம் ஏறக்குறைய 29 மில்லிவினாடி வரும். கடிகாரத்தைத் தூண்டும் ஒலி அளவைத் தாழ்வாக வைத்தால் நெடுஞ்சாலை லாரியே கடிகாரத்தை ஓட்டிவிடும். திறந்த மைதானம், அதிகாலை நேரம் உத்தமம்.

டெசிபல் அளவை மட்டும் நம்ப வேண்டாம். ஒப்பீட்டு மானி வைத்துச் சரிசெய்யாதவரை அந்த எண்ணுக்குப் பொருளில்லை. சில கைபேசிகள் ஒலியைத் தாமாகவே கூட்டிக் குறைக்கவும் செய்கின்றன.