ஈப்பாநெட்: எட்டு ஆண்டுப் பழக்கம்

கூரைத் தொட்டியிலிருந்து வீட்டுக் குழாய் வரை போவதற்குள் குடிநீரில் குளோரின் எவ்வளவு மிஞ்சும்? சிங்கப்பூரில் இதைக் கணக்கிட எட்டு ஆண்டுகளாக ஈப்பாநெட்டைத்தான் நம்பியிருக்கிறேன். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1993ல் வெளியிட்ட இலவச மென்பொருள் இது; குழாய்களில் நீர் எப்படி ஓடுகிறது, அதன் தரம் எப்படி மாறுகிறது என்று கணக்கிடும். அழுத்தம், ஓட்டம் இரண்டின் கணக்கிலும் எனக்குக் குறையே இல்லை.

குளோரின் கணக்குதான் உழைப்பு கேட்கும். தண்ணீரே குளோரினைத் தின்னும் வேகம் ஒன்று, குழாய்ச் சுவர் தின்னும் வேகம் இன்னொன்று. இரண்டையும் நாம்தான் கொடுக்க வேண்டும், கழித்தல் குறியோடு. குறி விட்டுப்போனால் போகப் போகக் குளோரின் கூடுவதாகக் காட்டும்.

முதல் வேகத்துக்குப் பாட்டில் சோதனை. பழுப்புக் கண்ணாடிப் பாட்டில்களில் தண்ணீரை நிரப்பி இருட்டில் வைத்து, சில மணி நேரத்துக்கு ஒன்றாகத் திறந்து அளப்போம். தொடக்கத்தில் குளிர்சாதன அறையிலேயே வைத்தேன். கணக்கில் வந்த குளோரின் அளந்ததைவிட எப்போதும் கூடுதலாகவே இருந்தது. நம் ஊர் வெயிலில் தொட்டி நீர் சூடு. சூட்டில் குளோரின் வேகமாகக் குறையும். அப்புறம் பாட்டில்களைத் தொட்டியின் வெப்பநிலையிலேயே வைத்தேன், கணக்கு நெருங்கி வந்தது.

குழாய்களைவிடத் தொட்டிதான் என்னை அதிகம் அலைக்கழித்தது. தொட்டி நீர் முழுக்கக் கலந்துவிடுவதாக மென்பொருள் தானாகவே எடுத்துக்கொள்ளும். நீர் வரும் வழியும் போகும் வழியும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் எதிர் மூலை நீர் அசையாமல் பழசாகிவிடும். அங்கே கணக்கில் தொட்டியை இரண்டு அறையாகப் பிரிக்கும் மென்பொருள் தேர்வு கைகொடுத்தது. 24 மணி நேரத்துக்கு மட்டும் கணக்கை ஓட்டுவதும் போதாது. கணக்கில் ஒரு நாளின் வரைபடம் முந்தைய நாளினதைப் போலவே வரும் வரை பல நாளுக்கு ஓட்டுகிறேன். கட்டடக் குழாய்கள் குட்டையானவை, அதனால் தரக் கணக்கின் 5 நிமிட இடைவெளியை 1 நிமிடமாக்கிவிடுவேன்.

இதுவரை குளோரின் என்றேன், உண்மையில் இங்கே குழாயில் வருவது குளோரமின், அதாவது அம்மோனியாவோடு சேர்ந்த குளோரின். அம்மோனியாவோடு சேராத தனிக் குளோரினுக்குச் சோதனை செய்தால் கிட்டத்தட்ட ஒன்றும் தெரியாது, மொத்தக் குளோரினைத்தான் அளக்க வேண்டும். குளோரமின் மெதுவாகக் குறைவதால் ஓரிரு நாளுக்கு எளிய கணக்கே போதும். நீர் தேங்கிவிட்டால் சரிப்படாது: குளோரமின் சிதைந்து வெளிப்படும் அம்மோனியாவை நுண்ணுயிரிகள் நைட்ரைட்டாக்கும், அது மிச்சக் குளோரமினையும் தின்னும். இதற்கு, பல பொருள்களின் வினைகளை ஒன்றாகக் கணக்கிடும் எம்எஸ்எக்ஸ் என்ற துணை நிரல் ஈப்பாநெட்டுக்கு உண்டு. சமன்பாடுகளை நாமே எழுத வேண்டும், பழக எனக்கு மாதங்கள் பிடித்தன. இப்போது ஆள் குடியேறாத தளங்களின் குழாய்களுக்கு அதைத்தான் ஓட்டுகிறேன், கூடவே நைட்ரைட்டும் அளக்கிறேன்.