மாக்மாவின் முதல் ஆல்பம்: ஒன்றரைத் தட்டு போதும்

பிரான்ஸ் நாட்டு ராக் இசைக்குழு மாக்மா 1970-ல் பிலிப்ஸ் கம்பெனி வெளியீடாகக் கொண்டுவந்த முதல் ஆல்பம். பெயரும் மாக்மாதான், பின்னால் வந்த பதிப்புகளில் கோபாயா என்றும் போட்டார்கள். இரண்டு எல்.பி. தட்டு, பத்துப் பாட்டு, 80 நிமிடத்துக்குச் சற்று மேல். நேரடியாகச் சொன்னால் முதல் தட்டு அபாரம், இரண்டாவதில் தாராளமாகக் கத்தரி போட்டிருக்கலாம்.

பாடுவது பிரெஞ்சில் இல்லை. டிரம்ஸ் வாசிக்கும் கிறிஸ்டியன் வாந்தேர் தானே உண்டாக்கிய கோபாயன் மொழியில். கெட்டுச் சீரழிந்த பூமி வேண்டாம் என்று ஒரு கூட்டம் கோபாயா என்ற கிரகத்துக்குக் குடிபோகிறது, பிறகு அதில் சிலர் திரும்பி வந்து மாட்டிக்கொள்கிறார்கள், அதுதான் கதை. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கப்பலேறிக் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, போனவர்களின் ஊர் எங்கள் செட்டிநாடு, எங்களுக்குப் பாதிக் கதை பழசுதான்! மொழி புரியாதே என்று தயங்க வேண்டாம், தெலுங்கு தெரிந்துகொண்டா தியாகராஜர் கீர்த்தனை கேட்கிறோம்?

முதல் பாட்டு ‘கோபாயா’ பத்து நிமிடம். முரட்டு கிட்டாரில் தொடங்கி, நடுவில் எல்லாம் அடங்கி, ஜாஸுக்குள் இறங்கி, மறுபடி கிளம்புகிறது. வாந்தேர் அமெரிக்க ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனின் தீவிர பக்தர், அது இவர் வாசிப்பில் அப்படியே தெரியும். தாளத்துக்கு மட்டும் உட்கார்ந்த ஆள் இல்லை, டிரம்ஸ் எங்கே திரும்புகிறதோ அங்கேதான் சாக்ஸபோனும் டிரம்பெட்டும் திரும்புகின்றன, நல்ல தவில்காரர் அமைந்துவிட்ட கச்சேரி மாதிரி. கிளவுஸ் பிளாஸ்கிஸின் குரல் கூடப் பல இடத்தில் இன்னொரு வாத்தியம்தான். ‘ஐனா’, ‘மலேரியா’ இரண்டும் கச்சிதம்.

மாக்மா என்றாலே இடிமாதிரி விழும் கோரஸ்தான் என்று நினைப்பவர்கள் 1973-க்குப் பிறகு வந்தவற்றைக் கேட்டவர்கள். இங்கே புல்லாங்குழலுக்கும் இடமிருக்கிறது, புதிதாக வருபவர்களுக்கு அதனாலேயே இது சுலபமான வாசல். ஆனால் இரண்டாவது தட்டில் 13 நிமிட ‘நௌ எக்திலா’ அழகாகத் தொடங்கிவிட்டு எங்கெங்கோ அலைகிறது, கடைசிப் பாட்டு ‘மூ’வும் பத்து நிமிடத்துக்கு மேல், அதற்குள் எனக்குக் காது சலித்துவிடுகிறது.

அப்புறம் ஒரு விஷயம், நம் செட்டிநாட்டு வீடுகளில் இருப்பவர்களுக்கு மட்டும். ஆத்தங்குடிக் கல் தரையும் வழவழப்பான சுண்ணாம்புச் சுவருமாக இருக்கும் பட்டாலைக் கூடத்தில் ஸ்பீக்கரில் போடாதீர்கள், எதிரொலியில் சிம்பலும் டிரம்பெட்டும் குழம்பி ஒரே இரைச்சலாகிவிடும். மேலே திறந்திருக்கும் வளவு முற்றத்தில் வைத்தால் எவ்வளவோ தெளிவு, ஹெட்போன் இன்னும் நல்லது. இரண்டாவது தட்டில் வரும் ‘ஸ்தோவா’ பாட்டுக்கு ஹெட்போன்தான், எடுத்த எடுப்பிலேயே அலறல். அதைச் சத்தமாகப் போட்ட அன்று உள்கட்டிலிருந்து ஆச்சி, “யாருப்பா அது, என்ன ஆச்சு?” என்று ஓடியே வந்துவிட்டார்.