நோ யுவர் மெடிசின் செயலி: மைதானத்தில் பயன்படுத்திப் பார்த்த பயிற்சியாளரின் மதிப்பீடு

தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமையான நாடா வெளியிட்டுள்ள ‘நோ யுவர் மெடிசின்’ செயலியைக் கடந்த தடகளப் பருவம் முழுவதும் என்னிடம் பயிற்சி பெறும் பிள்ளைகளுக்காகப் பயன்படுத்தி வருகிறேன். மருந்தின் பெயரையோ அதிலுள்ள மூலப்பொருளையோ தட்டச்சு செய்தும், படமெடுத்தும், குரலில் சொல்லியும் அது தடைசெய்யப்பட்டதா என்று தேடலாம். எந்த விளையாட்டு என்பதையும் தெரிவு செய்துகொள்ளலாம் என்பதே எனக்கு மிகவும் பிடித்த வசதி. ஒற்றைத் தலைவலிக்குத் தரப்படும் ப்ரோப்ரனலால் மாத்திரையை ஓட்டக்காரர் தாராளமாக விழுங்கலாம். அதே மாத்திரை துப்பாக்கி சுடுபவருக்கும் வில்வித்தை வீரருக்கும் தடை.

மாநிலப் போட்டிக்கு ஒரு வாரம் இருக்கும்போது, 800 மீட்டர் ஓடும் மாணவி ஒருத்தி முழங்கால் வலிக்காக டாக்டர் எழுதிய சீட்டைக் கொண்டுவந்தாள். மூட்டில் போடவேண்டிய ட்ரையாம்சினலோன் ஊசி. கையெழுத்தை நான் படித்துச் சொல்ல, அவளே செயலியில் தேடினாள். போட்டிக் காலத்தில் தடை என்று வந்தது. இது வீக்கத்தைக் குறைக்கும் குளுக்கோகார்ட்டிகாய்டு வகை மருந்து; அந்த வகை ஊசிகள் அனைத்தும் 2022 முதல் போட்டிக் காலத்தில் தடைசெய்யப்பட்டவை. மூட்டில் போடும் இந்த ஊசிக்கும் போட்டிக்கும் இடையே குறைந்தது 10 நாள் இடைவெளி வேண்டும் என்பது உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் வழிகாட்டுதல். சீட்டோடு டாக்டரிடம் திரும்பிப் போனோம். அவர் ஊசியைத் தள்ளிவைத்து, ஓய்வும் பயிற்சிச் சிகிச்சையும் சொன்னார். ஐந்து நிமிட வேலைதான். அது நடக்காமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றும் நெஞ்சு பதைக்கிறது.

ஏனென்றால் விதி அவ்வளவு கண்டிப்பானது. தெரிந்து எடுத்தாலும் தெரியாமல் எடுத்தாலும், உடலில் காணப்பட்ட பொருளுக்கு வீரரே பொறுப்பு. 2022இல் நிறைவேறிய தேசிய ஊக்கமருந்துத் தடுப்புச் சட்டம் நாடாவுக்குச் சட்ட அந்தஸ்து அளித்து, ஒழுங்கு நடவடிக்கைக் குழுவையும் மேல்முறையீட்டுக் குழுவையும் ஏற்படுத்தியது. 2023இல் இந்தியாவில் பரிசோதிக்கப்பட்ட 5,606 மாதிரிகளில் 3.8 சதவீதத்தில் தடைசெய்யப்பட்ட பொருள் இருந்தது. 5,000க்கு மேல் மாதிரிகளைச் சோதித்த நாடுகளில் அதுவே மிக அதிகம். அந்த விகிதத்துக்குள் சீட்டைப் படிக்கத் தெரியாத பிள்ளைகளும் இருந்திருப்பார்கள் என்றே நம்புகிறேன். 2024-25 மத்திய பட்ஜெட்டில் இளைஞர் நலன், விளையாட்டு அமைச்சகத்துக்கு 3,442.32 கோடி ரூபாய். அதில் நாடாவுக்கு 22.30 கோடி, தேசிய ஊக்கமருந்துப் பரிசோதனைக் கூடத்துக்கு 22 கோடி. அந்தக் கூடம் 2019 ஆகஸ்டில் இழந்த உலக அங்கீகாரத்தை 2021 டிசம்பரில்தான் திரும்பப் பெற்றது என்பதால், அதற்குத் தரும் பணத்தில் எனக்குக் குறையில்லை. ஆனால் சிறுநீர்ப் புட்டியில் குற்றத்தைக் கண்டுபிடிப்பதற்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால், மாத்திரை வாய்க்குள் போகும் முன்னரே தடுக்கும் இத்தகைய சேவைக்கு இன்னும் தாராளமாகச் செலவிடலாம்.

செயலி கைகொடுக்காத இடமும் உண்டு. பதினேழு வயதுப் பையன் ஒருவன் பக்கத்து ஜிம்மில் கொடுத்ததாக ஒரு பொடியைக் கொண்டுவந்தான். வெறும் பிளாஸ்டிக் பொட்டலம், வாய் ரப்பர் பேண்டால் கட்டியிருந்தது, லேபிளே இல்லை. செயலியில் எதைத் தேடுவது? அச்சிட்ட டப்பாவாகவே இருந்தாலும், லேபிளில் எழுதாமல் கலந்த ஸ்டீராய்டை எந்தச் செயலியாலும் காட்டிக்கொடுக்க முடியாது. சட்டத்தில் சோதனையிட்டுக் கைப்பற்றும் அதிகாரம் இருக்கிறது. அது விடுதி அறைகளில் வீரர்களின் பைகளோடு நின்றுவிடாமல், பொடி விற்கும் இடம் வரை எட்டவேண்டும் என்பது என் வேண்டுகோள்.

மருந்துகளைப் பொறுத்தவரை ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தருவேன். எங்கள் மைதானத்தில் இப்போது காய்ச்சல் மாத்திரையானாலும் முதலில் அட்டையின் பின்பக்கத்தைப் படமெடுத்து எனக்கு அனுப்பவேண்டும்; நான் பார்த்துப் பதில் சொல்லும்வரை தண்ணீர் டம்ளரைத் தொடக்கூடாது. அந்தப் பொட்டலத்தைப் பையனே குப்பைத் தொட்டியில் கொட்டினான்.